கரண்ட் கம்பி இல்லாத டிரைவ்

நொச்சிக்காட்டுப்புதூருக்குக் கரண்ட் விருந்தாளி மாதிரி வந்து போய்க்கொண்டிருந்த வருஷத்தில், ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, கடைவீதியில் மின்விசிறிகள் நின்று, மாவு மிஷின் நின்று, ஜெராக்ஸ் கடைக்காரர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்ட நேரத்தில், நாச்சிமுத்துவின் எம்பிராய்டரி கம்பெனியில் ஒரு மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பதினைந்து தலைகளும் பதினைந்து குழந்தைச் சட்டைகளின் நெஞ்சில் பதினைந்து மஞ்சள் வாத்துகளை ஒரே நேரத்தில் தைத்துக்கொண்டிருந்தன. நாச்சிமுத்து உள்ளே வந்து பார்த்தார், ஜெனரேட்டருக்கு யார் டீசல் ஊற்றியது என்று கேட்டார், யாரும் ஊற்றவில்லை என்று தெரிந்ததும், சரி, ஓடுற வரைக்கும் ஓடட்டும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மிஷினின் கண்ட்ரோல் பெட்டியில் ஒரு பிளாப்பி டிரைவ் இருந்தது. வாத்தையோ ரோஜாவையோ வரைந்து பிளாப்பியில் ஏற்றி, அந்த வாயில் சொருகினால், மிஷின் அதைப் படித்துத் தைக்கும். டிரைவின் முகத்தில் கடுகு அளவுக்கு ஒரு பச்சை விளக்கு உண்டு. படிக்கும்போது மட்டும் மினுக்கி, படித்து முடித்ததும் அணைந்துவிடுகிற அந்த விளக்கு, அன்று காலையிலிருந்து அணையவே இல்லை.

அதை முதலில் பார்த்தவள் செண்பகவல்லி. அவள்தான் அங்கே டிசைன் போடுகிறவள், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு வந்தவள், ஒன்றைச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்பதால் பெரும்பாலும் வாயைத் திறக்காமலே இருந்து பழகியவள். பேசாததற்கெல்லாம் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆகவே அது எப்படி நடந்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பூஜைக்காக மிஷினைப் பிரித்துத் துடைத்தபோது டிரைவின் பின்னாலிருந்த பட்டைக் கேபிளையும் உருவினார்கள். எந்தப் பக்கம் எதில் சேரவேண்டும் என்று தெரிவதற்காக அந்தக் கேபிளின் ஒரு விளிம்பில் மட்டும் சிவப்புக் கோடு போட்டிருக்கும். சந்தனமும் குங்குமமும் வைத்த கைகள் கேபிளையும் விட்டுவைக்காமல் இரண்டு விளிம்பிலும் தாராளமாகத் தீற்றிவிட, பூஜை முடிந்து, பொரியும் சுண்டலும் தின்று, எல்லாவற்றையும் திரும்ப மாட்டியபோது இரண்டு பக்கமும் சிவப்பாக இருந்ததால், கேபிள் தலைகீழாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

கோயம்புத்தூரிலிருந்து வந்த மெக்கானிக்கும் அதைத்தான் சொன்னார். விளக்கு அணையாமல் எரிந்தால் கேபிள் தலைகீழ் என்று அர்த்தம், அது எந்த டிரைவுக்கும் உள்ளது, ஆனால் தலைகீழாக மாட்டினால் மிஷின் படிக்காது, இது எப்படிப் படிக்கிறது, கரண்டே இல்லாமல் எப்படிப் படிக்கிறது என்று டிரைவை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மற்ற டிரைவுகளுக்குப் பின்னால் இரண்டு வாய் இருக்கும், ஒன்றில் பட்டைக் கேபிள், இன்னொன்றில் கரண்ட் வருகிற கம்பி. எந்தக் காலத்திலோ ஜப்பானில் செய்து, எத்தனையோ கை மாறி வந்த இந்த டிரைவுக்கு ஒரே வாய்தான் இருந்தது. கரண்ட் கம்பி மாட்ட இடமே இல்லை.

"கழட்டித் திருப்பி மாட்டிப் பாக்கட்டுங்களா?" என்றார் மெக்கானிக்.

"ஓடற மிஷினை எதுக்குங் நிறுத்தோணும்?" என்றார் நாச்சிமுத்து. யாரும் அந்தக் கேபிளைத் தொடக்கூடாது என்று அன்றே சொல்லிவிட்டார். மெக்கானிக் குழப்பத்தில் கரண்ட் பார்க்கிற தன்னுடைய முள் மீட்டரை மேஜையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனார்.

ஊர் அதை ஏற்றுக்கொள்ள அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் பக்கத்து டீக்கடைக்காரர் தன் செல்லுக்குச் சார்ஜ் போட வந்தார், பிறகு அவருடைய மச்சினன் வந்தான், பிறகு எலெக்ட்ரீஷியன் ஒருவர் மிஷினின் முதுகிலிருந்து ஒரு ஒயரை இழுத்துத் தெருவுக்கு விட, அந்த ஒயர் சுவரேறி, முருங்கை மரத்தைத் தாண்டி, மாவு மிஷினுக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் மெழுகுவர்த்தியை மறந்தார்கள். கரண்ட் ஆபீஸ்காரர் விசாரிக்க வந்து, மீட்டர் ஓடாமல் நிற்பதைப் பார்த்துத் தலையைச் சொறிந்து, போகும்போது தன் டார்ச்சுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போனார். சுற்று வட்டாரமெல்லாம் இருட்டில் கொசு அடித்துக்கொண்டிருக்க, நொச்சிக்காட்டுப்புதூர் மட்டும் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

அந்த மிஷினை ஓட்டியவர்களும் நூல் மாட்டியவர்களும் பிசிறு வெட்டியவர்களும் பெரும்பாலும் தெற்கத்திப் பெண்கள். கம்பெனிக்குப் பின்னாலேயே ஹாஸ்டல். அவர்களில் வடிவு என்பவளோடு மட்டும்தான் செண்பகம் நாலு வார்த்தை பேசுவாள். வடிவு சங்கரன்கோவில் பக்கம். பம்பாய்க்குப் போன புருஷன் போன இடத்திலேயே இருந்துவிட, ஐந்து வயது மகள் முத்தரசியை மதினி வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். போன இரண்டு தீபாவளிக்கும் ஆர்டர் அவசரம் என்று லீவு கிடைக்கவில்லை. இந்த வருஷம் மதினி போனில் ஒன்று சொல்லியிருந்தாள். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள், பிள்ளை இப்போதெல்லாம் தன்னைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறது என்று. அதைக் கேட்டதிலிருந்து வடிவுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. நூல் மாட்டும்போதும் கால் தாளம் போடும், சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வருவாள். "இந்தத் தீவாளிக்கு மொதலாளி கேட்டை இழுத்துப் பூட்டுனாலும் சரி, செவுரேறிக் குதிச்சாவது போயிருவேன் பாத்துக்க" என்று செண்பகத்திடம் தினமும் சொன்னாள், மகளுக்குப் பாவாடை சட்டை எடுத்து வைத்திருப்பதையும் தினமும் சொன்னாள்.

மெக்கானிக் விட்டுப்போன முள் மீட்டரை ஒரு மத்தியானம் செண்பகம் கையில் எடுத்தாள். கரண்ட் வராத பொருள் எரிவதை நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது, யாரோ கூப்பிட்டுவிட்டுப் பேசாமல் நிற்பதைப் போல அவளைத் தொந்தரவு செய்தது. கேபிளைக் கழற்றாமல், அதன் கம்பிகளில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனாள். பாதி வழியில் விஷயம் பிடிபட்டது. அந்தப் பட்டைக்குள் எல்லாக் கம்பியும் படிப்பதற்கானவை அல்ல. சில கம்பிகள் கரண்டுக்கு. மற்ற டிரைவுகளுக்குத் தனிக் கம்பியில் வருவது இதற்கு அதே பட்டையில் ஓரமாக வருகிறது, மிஷின்தான் இதற்கு ஊட்டுகிறது. அது சரி. ஆனால் மீட்டரின் முள் வலது பக்கம் போவதற்குப் பதில் இடது பக்கம் சாய்ந்து முட்டிக்கொண்டு நின்றது. முனைகளை மாற்றி வைத்ததும் முள் ஒழுங்காக ஏறியது, கரண்ட் எதிர்ப்பக்கமாக ஓடியது. மிஷின் டிரைவுக்கு ஊட்டவில்லை, டிரைவ்தான் மிஷினுக்கு ஊட்டியது.

அப்படியானால் டிரைவுக்கு யார் ஊட்டுகிறார்கள்? பேட்டரி இல்லை. வெயில் படவில்லை. ரோட்டில் வண்டி போகிற அதிர்வாக இருக்குமோ என்று நினைத்தாள், ஏனென்றால் நாலு மணி வாக்கில் சங்கரன்கோவில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கம்பெனியைத் தாண்டும்போது முள் துள்ளியது. ஆனால் அதைவிடக் கனமான கல் லாரி போனபோது முள் அசையவில்லை, பழனி பஸ்ஸுக்கும் அசையவில்லை. மறுநாள் அவள் மீட்டரைப் பார்க்காமல் மனிதர்களைப் பார்த்தாள். தெற்கே போகிற பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் மிஷினைச் சுற்றி நின்ற அத்தனை பெண்களின் தலையும் ஒரு நொடி உயர்ந்தது, கைகள் நின்றன, கண்கள் சுவரைத் தாண்டிப் போயின, பிறகு தலைகள் இறங்கின, அந்தத் தலைகள் உயர்ந்து இறங்கிய நேரத்துக்குள் கடுகு விளக்கு ஒரு சுற்றுப் பெரிதாகி அடங்கியது. பிறகு வடிவு மிஷின் பக்கத்தில் நின்று மகளோடு போனில் பேசினாள். பேசி முடிக்கும் வரை முள் கீழே இறங்கவே இல்லை.

போகவேண்டும் என்கிற ஆசை. டிரைவ் அதைத்தான் குடித்தது.

குடித்தது திரும்பி வரவில்லை என்பது சில நாள் கழித்துத் தெரிந்தது. பஸ் ஹாரன் அடித்தது, தலைகள் உயரவில்லை. வடிவின் கால் தாளம் போடுவது நின்றிருந்தது. சோற்றைப் பிசைந்தால் உட்கார்ந்து முழுக்கத் தின்றாள். மகள் போனில் எப்போ வருவ என்று கேட்டதற்கு, வருவேன், வராம எங்க போகப்போறேன் என்று சொல்லிவிட்டு, நூல்கண்டில் முடிச்சு விழுந்திருப்பதை மெதுவாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு டிக்கெட் எடுக்கவேண்டாமா என்று செண்பகம் கேட்டபோது, வடிவு அவளை அன்பாகப் பார்த்தாள். "என்ன அவசரம், செம்பகம்? பொங்கலுக்குப் பாத்துக்கிடலாம்" என்றாள். அந்த முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. வெளுத்துக் காயப்போட்ட துணி மாதிரி இருந்தது.

ஊர்க்காரர்களும் இதைக் கண்டுகொண்டார்கள், ஆனால் வேறு விதமாகக் கண்டுகொண்டார்கள். சார்ஜ் போட வந்து கொஞ்ச நேரம் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு வீடு பிடித்துப்போயிற்று. உடனே, எங்காவது போயே தீருவேன் என்று அடம்பிடிக்கிறவர்களை மற்றவர்கள் கையைப் பிடித்துக் கூட்டிவர ஆரம்பித்தார்கள்: சினிமாவில் சேர மெட்ராசுக்கு மூட்டை கட்டிய மகனை, மாமியாரோடு சண்டை போட்டுப் பிறந்த வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்ற மருமகளை, காசிக்கு நடந்தே போகிறேன் என்று கிளம்பிய ரிட்டயர்டு தபால்காரரை, வேறு சாதிப் பையனோடு ரயிலேறத் தேதி குறித்திருந்த பெண்ணை. எல்லோரையும் மிஷின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு உட்காரவைத்தார்கள். வாத்துகள் தைத்து முடிவதற்குள் அவர்கள் கொட்டாவி விட்டு எழுந்து வீட்டுக்குப் போனார்கள், செருப்பைக் கழற்றி வாசலில் விடாமல் உள்ளே அலமாரிக்கு அடியில் வைத்தார்கள். பஸ்கள் காலியாக வந்து காலியாகப் போயின. கண்டக்டர்கள் பழக்கத்துக்காக விசில் ஊதினார்கள்.

தீபாவளி நெருங்கியபோது விளக்கு மங்கியது. ஊரில் குடிக்க இனி மிச்சம் அதிகம் இல்லை. நாச்சிமுத்து ஒரு வேனை எடுத்துக்கொண்டு தெற்கே போய், பத்துப் பதினைந்து புதுப் பெண்களைக் கூட்டிவந்து இறக்கினார். பையைக் கீழே வைக்காமல், அழுது வீங்கிய கண்ணோடு அவர்கள் மிஷின் முன்னால் வந்து நின்ற அந்த நிமிஷமே தெருவில் எல்லா பல்பும் பளிச்சென்று எரிந்தன. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

செண்பகம் அன்று நாச்சிமுத்துவிடம் போய் நின்றாள். சொல்லவேண்டியதைப் படிக்கட்டிலேயே மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தாள். கேபிள் தலைகீழ், கரண்ட் எதிர்ப்பக்கம் ஓடுகிறது, அது எங்கிருந்து வருகிறது என்றால் என்று தொடங்கி, திக்கித் திணறி முடித்தாள்.

அவர் கோபப்படவில்லை. அவளை உட்காரச் சொன்னார்.

"எனக்குத் தெரியாதுங்களா அம்மிணி? நானும் தான அது பக்கத்துல தெனம் உக்காந்திருக்கறன்" என்றார். "ஒண்ணு சொல்லு. முன்னால இந்தப் பிள்ளைக ராவெல்லாம் அழுகும். இப்ப அழுகுதா? ஊருக்குள்ள சண்டை இருக்குதா? வெளிச்சம் இருக்குது, நிம்மதி இருக்குது. இதுல யாருக்கென்ன நட்டம்?"

வடிவுக்கு என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் வடிவைக் கேட்டால் வடிவே தனக்கு நட்டம் இல்லை என்றுதான் சொல்வாள். செண்பகம் எழுந்து வந்துவிட்டாள்.

தீபாவளிக்கு முந்தின நாள், மத்தியானச் சோறு முடிந்து மிஷின் ஓடிக்கொண்டிருந்தபோது, கேபிளைத் திருப்பி மாட்டிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு எழுந்தாள். அடுத்த நாள் விடிவதற்குள் வடிவு போய்ச் சேரவேண்டுமென்றால் நாலு மணிப் பஸ்தான் கடைசி. கையை நீட்டினாள். கை கேபிளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது, இப்போதே செய்தாக வேண்டுமா, பிள்ளைகள் படிக்கிறார்களே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றியது, அப்படித் தோன்றியது ரொம்ப சுகமாக இருந்தது, அவள் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் விளக்கு ஒரு சுற்றுப் பெரிதாகி அடங்குவதைப் பார்த்தாள். மறுபடி எழுந்தாள், இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு, முத்தரசியின் பெயரை மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனாள். ஆசை எவ்வளவு பெரியதோ அவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது. விளக்கு இன்னும் பிரகாசமாக எரிந்தது. மூன்றாவது முறை எழுந்திருக்கவே அவளுக்கு மனம் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கை நடப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள், நடக்கட்டும், எல்லாம் நடக்கிறபடி நடக்கட்டும் என்றிருந்தது.

அப்போது வடிவு ஒரு தலையில் நூல் அறுந்ததைப் பார்த்து, போய், மாட்டி, முடிச்சிட்டு, திரும்பி வந்து நின்றாள். எதையும் நினைக்காமல், எதுவும் வேண்டாமல் செய்தாள். செண்பகம் அந்தக் கைகளைப் பார்த்தாள். அந்த டிரைவ் குடிப்பதற்கு அந்தக் கைகளில் ஒன்றுமே மிச்சமில்லை.

அவள் இதுவரை யாருக்கும் ஒரு வேலை ஏவியதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட எழுந்து போய்க் குடிப்பாள். குரல் வெளியே வருமா என்று தெரியாமலே, மேஸ்திரி சொல்கிற மாதிரி, யாருக்கோ சொல்கிற மாதிரி சொன்னாள்.

"வடிவக்கா, அந்தக் கேபிள உருவித் திருப்பிச் சொருகுங்க."

ஏன் என்று வடிவு கேட்கவில்லை. முதலாளி தொடக்கூடாது என்று சொன்னாரே என்றும் கேட்கவில்லை. நடந்து போனாள், குங்குமம் காய்ந்து கருத்திருந்த பட்டையை உருவினாள், திருப்பினாள், சொருகினாள்.

விளக்கு அணைந்தது. பதினைந்து ஊசிகளும் ஏறிய இடத்திலேயே நின்றன. வாத்துகளுக்கு அலகு வரவில்லை. ஒயர் போன வழியெல்லாம் மாவு மிஷினும் மின்விசிறியும் ஒவ்வொன்றாக ஓய்ந்து, ஊர் முழுக்க ஒரு பெருமூச்சு விட்டு அடங்கினாற்போல இருந்தது. டிரைவுக்குள் ஏதோ ஒன்று, குடித்ததைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி, எதிர்ப்பக்கம் சுழல ஆரம்பித்தது.

முதலில் கால்களுக்குத்தான் தெரிந்தது. பழைய பெண்களும் புதுப் பெண்களும் நின்ற இடத்திலேயே கால் மாற்றி நின்றார்கள், தரை சூடாகிவிட்ட மாதிரி. கேபிளைப் பிடித்திருந்த வடிவின் கால் பழையபடி தாளம் போட ஆரம்பித்தது, நெற்றியில் சுருக்கம் விழுந்தது, உதடு கோணியது.

"இன்னைக்கு என்ன கெழம?"

"திங்கள்க்கா. நாளைக்குத் தீபாவளி."

வடிவு அவள் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். "ஏன்ட்டி இம்புட்டு நாளு சொல்லல" என்றாள். சொன்னேனே என்று செண்பகம் சொல்லவில்லை. அடித்த கையாலேயே வடிவு அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள், பாவாடை சட்டை எடுத்து வைத்த பையை ஹாஸ்டலில் தேடி எடுத்தாள், செருப்பைத் தேடாமல் விட்டாள்.

ரோட்டில் ஊரே நின்றது. சினிமாவில் சேரவேண்டியவன் மூட்டையோடு நின்றான், மருமகள் பாதி கழுவிய பாத்திரத்தோடு நின்றாள், தபால்காரர் வடக்கே நடக்க ஆரம்பித்து ரொம்ப தூரம் போயிருந்தார், ரயிலேறத் தேதி குறித்திருந்த பெண் ஸ்டேஷன் போகிற ஆட்டோவுக்காகக் கை நீட்டியபடி ஓடிக்கொண்டிருந்தாள், அவளைத் தடுக்கவேண்டியவர்கள் தாங்களே வேறெங்கோ போகிற அவசரத்தில் இருந்தார்கள். கூட்டத்தின் நடுவில், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, கையில் கம்பெனிச் சாவிக்கொத்தோடு நாச்சிமுத்து நின்றார். பார்த்ததும் திட்டப்போகிறார் என்று செண்பகம் ஒதுங்கினாள். அவர் அவளைத் தேடி வரவில்லை.

"அம்மிணி, இந்தப் பஸ்ஸு தாராவரத்துல நிக்குங்களா?" என்று கேட்டார். தாராபுரத்தில் அவருடைய தம்பி இருந்தார். வாய்க்கால் தகராறில் பேச்சு நின்றுபோய், இவர் வீட்டுக் கல்யாணங்களுக்கு அவரோ, அவர் வீட்டுச் சாவுக்கு இவரோ போனதில்லை.

பஸ் வந்தது. விசிலுக்கு நிஜமாகவே வேலை இருந்தது. முண்டியடித்து ஏறியதில் நாச்சிமுத்துவுக்கு ஜன்னலோரம் ஒரு இடம் கிடைத்தது, வடிவுக்கும் செண்பகத்துக்கும் கம்பி கிடைத்தது. ஏறியதும் வடிவு போனை எடுத்தாள். மதினி எடுத்துப் பிள்ளையிடம் கொடுக்கும் சத்தம் செண்பகத்துக்கும் கேட்டது.

"எட்டி, அம்மா பேசுதேன்."

அந்தப் பக்கம் சின்னக் குரல், சந்தேகமாக, கேட்டது: "எந்த அம்மா?"

வடிவு கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை நாளும் சேர்த்து வலிக்காமல் இருந்ததெல்லாம் ஒரே இடத்தில் வலித்ததைச் செண்பகம் பக்கத்திலிருந்து பார்த்தாள். அந்த வலி திரும்பி வரட்டும் என்றுதான் அவள் கேபிளைத் திருப்பச் சொன்னாள். இப்போது அதைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வந்துக்கிட்டிருக்கேம்லா" என்றாள் வடிவு. "வந்து சொல்லுதேன்."

தாராபுரம் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நாச்சிமுத்து எழுந்தார், இறங்கவேண்டிய இடத்தில் ஒரு நொடி தயங்கினார், பிறகு வடிவைப் பார்த்து, தன் இடத்தைக் காட்டி, "உக்காரு கண்ணு, ரொம்பத் தூரம் போகோணும்" என்றார். வடிவு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் கீழே இறங்கி, எந்தத் தெரு என்று மறந்துபோனவர்போல நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் கிளம்பியது. நின்றவர்களில் யாருக்கும் உட்காரத் தோன்றாமல் அந்த இடம் காலியாகவே வந்தது, யாராவது உட்காருங்கம்மா என்று கண்டக்டர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். வடிவு உட்காரவில்லை. இரண்டு கைகளாலும் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலைத் தரையில் அழுத்தி, தான் நின்று தள்ளினால்தான் பஸ் போகும் என்பதுபோல, முன்னால் சாய்ந்து நின்றுகொண்டே வந்தாள்.